ஒற்றாடலும் 'குருதிப்புனல்' படமும்

ஒற்றன் என்னும் சொல் இன்று நம்மவர் பேச்சில் இழிபொருளிலேயே வழங்குகின்றது. ஒருவனை ஒற்றன் என்றால், நம்மோடு உண்டு உறவாடி நம் சொற்களைப் பிறரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பவன் என்றே கேட்போர் பொருள் கொள்வர். பழந்தமிழ் நூல்களில் இச்சொல்லுக்கு இத்தகைய கறை இல்லை. ஒற்றுதல் என்பது நெருங்கிப் பொருந்துதல். கண்ணீரை ஒற்றுதல், முத்திரையை ஒற்றுதல் என்பன இன்றும் வழக்கில் உள்ளவை. பகைவரின் உள்ளிடத்தோடு ஒட்டிப் பொருந்தி, அங்கு நிகழ்வதை அறிந்து வருபவன் ஒற்றன் ஆயினான். இலக்கணத்தார் மெய்யெழுத்தையும் ஒற்று என்பர். அது தனித்து இயங்காது. அரை மாத்திரையே ஒலிக்கும். பிறிதோர் எழுத்தைச் சார்ந்தே நிற்கும். அரசியல் ஒற்றனின் வாழ்வும் ஏறத்தாழ அத்தகையதே. வகுப்பறையில் இவ்வொப்புமையைக் கூறினால் மாணாக்கர் சிரிப்பர்; ஆயினும் பின்னர் மறவார்.

திருவள்ளுவர் ஒற்றாடலுக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். பொருட்பாலில் 59 ஆம் அதிகாரமாக அது அமைந்துள்ளது. ஒற்றினைப் படைக்கும் பொருளுக்கும் புறத்தே வைக்காமல், அரசனுக்குரிய பண்புகளையும் கடமைகளையும் கூறும் பகுதியிலேயே அவர் வைத்தமை கருதத்தக்கது. நாட்டில் நிகழ்வதை அறியாது ஆள்பவன் கண்ணில்லாதவன் என்பது அவர் கொள்கை. ஆயின், அந்தக் கண்ணாக அமையும் மனிதனுக்கும் அவனை அனுப்பும் அரசுக்கும் இடையே நிலவும் கடப்பாடு யாது? அவன் அரசுக்குச் செய்ய வேண்டியது இன்னதென்று நூல்கள் விரித்துரைக்கின்றன. அரசு அவனுக்குச் செய்ய வேண்டியது யாது என்னும் வினாவோ பெரிதும் விடையின்றியே நிற்கின்றது. இவ்வினாவைத் தமிழில் மிகக் கூர்மையாக எழுப்பிய ஆக்கம் ஓர் ஏடன்று; ஒரு திரைப்படம். 1995 ஆம் ஆண்டு வெளிவந்த 'குருதிப்புனல்' என்பதே அது.

பெயர் பற்றி ஒரு சொல். இதே பெயரில் இந்திரா பார்த்தசாரதி எழுதிய நாவல் ஒன்று உண்டு. 1968 இல் கீழ்வெண்மணியில் நிகழ்ந்த கொடுமையைப் பின்புலமாகக் கொண்ட அந்நாவல் 1977 ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதமிப் பரிசு பெற்றது. நாவலுக்கும் படத்துக்கும் பெயரன்றி வேறு தொடர்பில்லை. நூலகத்தில் ஒன்றைக் கேட்டு மற்றதை எதிர்பார்ப்போர் இன்றும் உளர் என்பதாலேயே இதனைக் குறிக்கின்றேன்.

படத்தின் மூலம் கோவிந்த் நிஹலானி 1994 இல் எடுத்த 'த்ரோஹ்கால்' என்னும் இந்திப் படம். காவல் துறையினரின் மனப்புழுக்கத்தை 'அர்த் சத்யா' என்னும் படத்தில் 1983 இலேயே காட்டியவர் அவர். அவருடைய கதையைத் தழுவிக் கமல்ஹாசன் தமிழில் திரைக்கதை எழுதினார். 'நாயகன்' முதலிய படங்களின் ஒளிப்பதிவாளராகப் புகழ் பெற்ற பி. சி. ஸ்ரீராம் ஒளிப்பதிவோடு இயக்கத்தையும் ஏற்றார். கமல்ஹாசன், அர்ஜுன், நாசர், கௌதமி, கீதா, கே. விஸ்வநாத் ஆகியோர் நடித்தனர். பாட்டு ஒன்றேனும் இல்லை. ஒஸ்கார் விருதுக்கு இந்தியாவின் சார்பில் அவ்வாண்டு அனுப்பப்பட்டதும் இப்படமே. எனினும் இறுதிப் பட்டியலில் அது இடம் பெறவில்லை.

பாட்டில்லாத் தமிழ்ப் படம் என்பது அன்று புதுமையன்று. எஸ். பாலச்சந்தர் 1954 இல் இயக்கிய 'அந்த நாள்' அவ்வழியைத் திறந்துவிட்டது. அதுவும் ஒற்றுப் பற்றிய கதையே. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், சென்னை மீது ஜப்பானியர் குண்டு வீசிய 1943 ஆம் ஆண்டைக் களமாகக் கொண்டு, நாட்டின் இரகசியங்களைப் பகைவருக்கு விற்கும் வானொலிப் பொறியியலாளன் ஒருவனை அது காட்டுகின்றது. சிவாஜி கணேசன் அப்பாத்திரத்தை ஏற்றார். அங்கே ஒற்றன் குற்றவாளி; துப்பறியும் அலுவலர் நீதியின் பக்கம் நிற்பவர்; இடையே அல்லற்படுபவள் மனைவி. 41 ஆண்டுகளின் பின்னர் வந்த 'குருதிப்புனல்' இந்த ஒழுங்கைக் குலைத்துவிட்டது. நீதியின் பக்கம் நிற்பவனே ஒற்றரை அனுப்புகின்றான். அவனே பின்னர்ப் பகைவரின் ஒற்றனாகவும் ஆகின்றான்.

கதையைச் சுருக்கமாகக் கூறுவோம். ஆதி நாராயணன், அப்பாஸ் என்னும் இரு பொலிஸ் அதிகாரிகள், குண்டுவெடிப்புகளையும் கொலைகளையும் நிகழ்த்திவரும் ஓர் ஆயுதக் குழுவினுள் தம் இளைஞர் இருவரை வேறு ஆட்களாக நுழைய விடுகின்றனர். 'தனுஷ்' என்பது அந்த மறைநடவடிக்கைக்கு இட்ட பெயர். இருவருள் ஒருவன் இடைவழியில் இறந்துபடுகின்றான். மற்றவன் சிவா குழுவினுள்ளேயே தொடர்ந்து இருக்கின்றான். குழுவின் தலைவன் பத்ரி பொலிஸாரின் பிடியில் அகப்படுகின்றான். கதையின் உயிர்நிலை இங்குத்தான் உள்ளது. விசாரிப்பவன் ஆதி, விசாரிக்கப்படுபவன் பத்ரி. ஆயினும் நாட்கள் செல்லச் செல்ல, நாற்காலியில் இருப்பவன் யார், விலங்கு பூண்டவன் யார் என்னும் ஐயம் நமக்கே எழுகின்றது. ஒவ்வொரு மனிதனுக்கும் உடைந்துபோகும் எல்லை ஒன்று உண்டென்பதை அறிந்த பத்ரி, ஆதியின் எல்லை அவனுடைய மனைவியும் மகனுமே எனக் கண்டுகொள்கின்றான். சிறையிலிருந்தவாறே அவர்களைக் காட்டி அச்சுறுத்துகின்றான். அவன் கை ஆதியின் வீட்டு வாசலைக் கடந்து உள்ளேயும் நீள்கின்றது. வளையாத இரும்பென்று நாம் கருதிய அதிகாரி வளைகின்றான். பத்ரி தப்பிச் செல்ல அவனே வழிவிடுகின்றான். தன்னைப் போலவே முன்பே வளைந்துவிட்ட மேலதிகாரி ஒருவரை ஆதி கண்டறியும் காட்சியும் உண்டு. கே. விஸ்வநாத் ஏற்ற அந்தப் பாத்திரம், உண்மை வெளிப்பட்டதும் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்கின்றது. நண்பன் அப்பாஸ் பகைவர் கையில் உயிர் துறக்கின்றான்.

இனி 59 ஆம் அதிகாரத்தைக் கையிலெடுத்துக்கொண்டு இக்கதையைப் பார்ப்போம். வள்ளுவர் ஒற்றனுக்கு விதிக்கும் இலக்கணம் கடுமையானது. ஐயுறாத தோற்றம் வேண்டும். வெகுண்டு நோக்கும் கண்ணுக்கு அஞ்சாமை வேண்டும். உள்ளத்திலுள்ளதை எவ்விடத்தும் கசிய விடாமை வேண்டும். துறவிக் கோலம் பூண்டு புகுதற்கரிய இடத்தினுள்ளும் புகுந்து ஆராய வேண்டும். பிடிபட்டு எத்துணைத் துன்பம் நேரினும் தளர்தல் ஆகாது. குழுவினுள் நுழைந்த இளைஞர் இருவரும் இவ்விலக்கணத்துக்கு முற்றும் பொருந்துவர். படத்தில் எந்த ஒற்றனும் தளரவில்லை என்பதை நோக்குக. தளர்ந்தவர் இருவர், அவ்விருவரும் ஒற்றரை ஆண்ட அதிகாரிகள்.

ஒற்றரை ஆளும் முறை பற்றியும் வள்ளுவர் கூறியுள்ளார். ஓர் ஒற்றன் கொணர்ந்ததை மற்றோர் ஒற்றனால் சரிபார்க்க வேண்டும். ஒருவரை ஒருவர் அறியாதவாறு அவர்களை நடத்த வேண்டும். மூவர் சொல் ஒத்தாலன்றித் தெளியலாகாது. இவை யாவும் ஒற்றன் பொய் கூறக்கூடும், அல்லது பிடிபட்டுப் பிறரைக் காட்டிக்கொடுக்கக்கூடும் என்னும் அச்சத்தால் எழுந்த காப்புகள். நீர் புகாத அறைகளாகக் கப்பலைப் பகுப்பது போல அறிவைப் பகுத்துவைக்கும் முறை இது. ஆயின், எல்லா அறைகளின் திறப்பும் ஒருவன் இடுப்பில் தொங்குகின்றதே! ஒற்றர் ஒருவரை ஒருவர் அறியாதிருக்கலாம். அவர்கள் யாவரையும் அறிந்தவன் ஒருவன் இருந்தே தீர வேண்டும். பத்ரி தாக்கியது அவனைத்தான்.

வள்ளுவர் இதனைக் கருதவில்லை என்று விரைந்து முடிவு கட்டுதல் தவறு. ஒற்றினால் ஆராயத்தக்கவர் யாவர் என்று கூறுமிடத்தில், பகைவரை மாத்திரம் அவர் சொல்லவில்லை. அரசனின் வினை செய்வாரையும் சுற்றத்தாரையும் அவர்களோடு ஒருங்கு வைத்தே கூறுகின்றார். தன் கீழ்ப் பணிபுரியும் அதிகாரியையும் அரசு கண்காணித்தல் வேண்டும் என்பது இதன் பொருள். மேலதிகாரி நெடுநாள் முன்பே பகைவர் வலையில் விழுந்திருந்தும் அதை எவரும் அறிந்திலர். 'தனுஷ்' நடவடிக்கையின் தோல்வி இந்த ஒரு விதியை மறந்ததனால் வந்தது என்று கூறினால் மிகையாகாது. படத்தை எழுதியோர் குறளை நினைத்து எழுதினர் என்று நான் சாதிக்க வரவில்லை. நிலைமை ஒன்றாயிருந்தால் நுட்பமுள்ளோர் கண்டறியும் உண்மைகளும் ஒத்தே வரும்.

இவ்விடத்தில் கௌடிலியரின் அர்த்தசாத்திரத்தையும் நோக்குதல் தகும். நெடுங்காலம் பெயரளவில் மாத்திரம் அறியப்பட்டிருந்த அந்நூலின் ஏட்டுப் பிரதியை மைசூர்க் கீழைத்தேய நூலகத்தில் ஆர். சாமசாஸ்திரி கண்டெடுத்து 1909 இல் அச்சிட்டார். அதன் முதல் அதிகரணத்தில் ஒற்றர் வகைகள் விரிவாகக் கூறப்படுகின்றன. மாணாக்கன், துறவு நீங்கியவன், உழவன், வணிகன், தவசி என ஓரிடத்தே தங்கியிருந்து ஒற்றுவோர் ஐவர். திரிந்து ஒற்றுவோர், அஞ்சாத கொலைஞர், நஞ்சிடுவோர், பிச்சையெடுக்கும் துறவிப் பெண் எனப் பிற வகையினரும் உளர். ஒருவரை ஒருவர் அறியலாகாது என்பதும், மூவர் சொல் ஒத்தல் வேண்டும் என்பதும் அங்கும் உள்ளன. வள்ளுவர் கூறாத ஒன்று அந்நூலில் உண்டு. பகையரசனிடம் பணியாளாகச் சேர்ந்து இரு பக்கமும் ஊதியம் பெறும் ஒற்றனை அனுப்பும்போது, அவன் மனைவி மக்களை அரசன் தன் பொறுப்பில் பிடித்துவைத்துக்கொள்ள வேண்டும் என்கின்றார் கௌடிலியர்.

படிக்கும்போது உள்ளம் நடுங்குகின்றது. எனினும் கௌடிலியர் மனித இயல்பை அறிந்தவர் என்பதை மறுக்க முடியாது. வள்ளுவர் ஒற்றனின் உறுதியை நம்பினார். கௌடிலியர் அவ்வுறுதியை நம்பாது, அவன் பாசத்தைப் பிணையாக எடுத்துக்கொண்டார். 'குருதிப்புனல்' காட்டுவது அதே பிணை பகைவன் கைக்கு மாறும்போது நிகழ்வதையாகும். பத்ரி அர்த்தசாத்திரம் கற்றவனல்லன். ஆயினும் அவன் ஆதியைத் தன் ஒற்றனாக்கியது கௌடிலியர் காட்டிய வழியிலேதான். மனைவியும் மகனும் எவன் பிடியில் உள்ளனரோ அவனுக்கே அந்த மனிதன் ஊழியன்.

க.பொ.த. உயர்தர வகுப்பில் ஒருமுறை ஒற்றாடலைப் பற்றிப் பேச நேர்ந்தது. வட்டகொடைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், அவன் பிடிபட்டால் வீட்டுக்குச் சம்பளம் போகுமா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. கொழுந்து குறைந்தால் அரைப் பேர் விழும் வீட்டில் வளரும் பிள்ளை கேட்ட கேள்வி அது. பரிமேலழகர் உரையில் தேடியும் அதற்கு விடை கிடைக்கவில்லை. ஒற்றனைச் சிறப்பிப்பது பற்றி மாத்திரம் வள்ளுவர் ஒரு குறள் பாடியுள்ளார். அதுவும் பிறர் அறியச் சிறப்பிக்காதே என்பதுதான். வெளிப்படையாகச் சிறப்புச் செய்தால், மறைவை அரசனே வெளிப்படுத்தியவனாவான் என்பது காரணம். காரணம் சரியானதே. ஆனால் புகழ் இல்லை, பெயர் இல்லை, இறந்தால் நடுகல்லும் இல்லை என்றால், அவனை நம்பியிருந்தோர் யாரிடம் சென்று முறையிடுவர்?

இக்காலத்து அரசுகள் இவ்வினாவுக்கு ஒருவகை விடை தேடியுள்ளன. அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறையைச் சேர்ந்த ஜோசப் பிஸ்டோன் என்பவர், 1976 முதல் 1981 வரை நகைத் திருடன் ஒருவனின் பெயரைப் பூண்டு நியூயோர்க் நகரின் பொனானோ குற்றக் கூட்டத்தினுள் வாழ்ந்தார். அவர் அளித்த சான்றுகளால் இருநூறுக்கு மேற்பட்டோர் மீது குற்றஞ்சாட்டப்பட்டது. நூற்றுக்கு மேற்பட்டோர் தண்டனை பெற்றனர். கூட்டத்தார் அவர் தலைக்கு 500,000 டொலர் விலை வைத்தனர். அவரும் அவர் குடும்பத்தாரும் வேறு பெயர்களில், ஊரார் அறியாத இடங்களில் வாழ நேர்ந்தது. அவர் கதை 1997 இல் 'டோனி பிராஸ்கோ' என்னும் படமாயிற்று. ஐந்தாறு ஆண்டுகள் தந்தை வேறொருவனாக வாழ்ந்ததற்கு ஈடாக, அதன்பின் குடும்பம் முழுவதும் வேறொரு குடும்பமாக வாழ வேண்டியதாயிற்று. விடை என்றேன், முழு விடை என்று கூறவில்லை.

நம் நாட்டுச் சட்டமும் இவ்விடயத்தில் ஒரு பக்கம் காக்கின்றது, மறுபக்கம் ஐயுறுகின்றது. 1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 125 ஆம் பிரிவின்படி, குற்றம் பற்றிய தகவல் எங்கிருந்து கிடைத்ததென்று கூறுமாறு பொலிஸ் அலுவலரைக் கட்டாயப்படுத்த இயலாது. தகவல் தந்தவனை மறைக்கும் திரை இது. அதே சட்டம், குற்றத்தில் கூட்டாளியாயிருந்தவனின் சொல்லை, வேறு சான்று துணை நில்லாதவிடத்து, நம்பத்தகாததெனக் கொள்ள நீதிமன்றுக்கு இடமளிக்கின்றது. ஓர் ஒற்றின் சொல்லை மற்றோர் ஒற்றால் சரிபார்க்கச் சொன்ன வள்ளுவருக்கு இந்த எச்சரிக்கை புதிதாகத் தோன்றியிராது.

ஒற்றாடலின் மற்றொரு முகத்தையும் நாம் நோக்க வேண்டும். வேடத்தினால் நேரும் ஊறு ஒற்றனோடும் அவன் வீட்டாரோடும் நின்றுவிடுவதில்லை. துறவிக் கோலம் ஒற்றனுக்கு ஏற்றது என்று வள்ளுவர் கூறியதற்குக் காரணம், அக்கோலத்தை எவரும் தடுக்கமாட்டார் என்பதே. ஆனால் அந்த நம்பிக்கையைப் பயன்படுத்துவோர் அதைச் செலவழித்தும் விடுகின்றனர். பெரியபுராணத்தில் மெய்ப்பொருள் நாயனார் வரலாறு இதற்குச் சான்று. போரில் வெல்ல மாட்டாத முத்தநாதன், திருநீறு பூசிச் சடை முடித்துப் புத்தகக் கவளிகையினுள் ஆயுதத்தை மறைத்துக்கொண்டு திருக்கோவலூர் அரண்மனையினுள் புகுந்தான். வாயில்தோறும் காவலர் வழிவிட்டனர். யாரும் அறியாத ஆகமம் ஒன்றை உபதேசிப்பதாகக் கூறி, அரசியையும் அப்பால் அனுப்பச் செய்து, வணங்கிய அரசனைக் குத்தினான். நாயனாரோ அவ்வேடத்தையே மெய்ப்பொருளாகக் கொண்டு, மெய்க்காவலன் தத்தனைத் தடுத்து, கொலைஞனை ஊறின்றி ஊரெல்லை கடத்திவிடுமாறு பணித்தார். இச்சரிதத்தைப் பக்தியின் எல்லையாக நாம் போற்றுகின்றோம், அது முறையே. ஆனால் அன்றிரவு திருக்கோவலூருக்கு வந்த உண்மைச் சிவனடியார் ஒருவரை வாயிற்காவலன் எப்படி நோக்கியிருப்பான் என்றும் எண்ணத் தோன்றுகின்றது.

ஐயம் பிறந்துவிட்டால் அது குற்றமற்றவரையும் சுடும். சோழன் நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்கு வந்த இளந்தத்தன் என்னும் புலவனை, அங்கிருந்த நெடுங்கிள்ளி ஒற்றன் எனக் கருதிக் கொல்ல முற்பட்டான். கோவூர் கிழார் இடைப்பட்டு, பரிசிலர் வாழ்வு பிறர்க்குத் தீங்கு எண்ணாத வாழ்வென எடுத்துரைத்து அவனை உய்வித்தார். புறநானூற்றின் 47 ஆம் பாட்டு அதுவே. இளந்தத்தனுக்காகப் பேச ஒரு கோவூர் கிழார் இருந்தார். நம் நாட்டில் 1979 இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்த பின்னர், போரில் எவ்விதத் தொடர்பும் இல்லாத மலையகத்து இளைஞர் பலர் ஐயத்தின் பேரிலேயே தடுத்துவைக்கப்பட்டனர். அவர்களுக்காகப் பேச எல்லா வேளையிலும் ஒருவர் கிடைத்தாரல்லர். அடையாள அட்டையும் பிறப்புப் பத்திரமும் கையிற் கொண்டு பெற்றோர் அலைந்த காலத்தை நம்மில் பலர் கண்டுள்ளோம்.

சேர நாட்டில் இதனைச் சற்றே நகையோடு கையாண்டிருக்கின்றனர். செங்குட்டுவன் வடநாட்டுச் செலவை அரசர்க்கெல்லாம் ஓலை விடுத்து அறிவிக்க வேண்டும் என்று பேச்சு எழுந்தபோது, ஓலை எதற்கு, ஊரில் பறையறைந்தால் போதும், பிற நாட்டு ஒற்றர் வஞ்சியின் வாயிலிலேயே இருக்கின்றனர் என்று அழும்பில்வேள் கூறியதாகச் சிலப்பதிகாரம் காட்டுகின்றது. ஒற்றர் இருப்பதை அறிந்தும் அஞ்சாத அரசு அது. அஞ்சும் அரசுகளே இளந்தத்தர்களைத் தேடும்.

அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. லண்டன் மாநகரப் பொலிஸ் 1968 இல் ஒரு மறைமுகப் பிரிவை அமைத்தது. 2008 வரை இயங்கிய அப்பிரிவின் அலுவலர், போர் எதிர்ப்பு இயக்கம் முதலான பல அமைப்புகளினுள் ஆண்டுக்கணக்கில் வேறு பெயரில் வாழ்ந்தனர். இளமையில் இறந்துபோன குழந்தைகளின் பெயர்களையே சிலர் சூடிக்கொண்டனர். சிலர், தாம் யாரென்று அறியாத பெண்களோடு காதல் வாழ்வும் நடத்தினர். உண்மை வெளிப்பட்டபின், 2015 இல் பொலிஸார் ஏழு பெண்களிடம் மன்னிப்புக் கேட்டனர்; அவ்வாண்டிலேயே பொது விசாரணையும் அமைக்கப்பட்டது. ஆதியின் வீட்டைப் பத்ரி பிணையாக்கினான். இங்கோ காவலரே அயலார் வீடுகளைத் தம் வேடத்தின் ஓர் அணியாக்கிக்கொண்டனர். கொடுமையில் எது பெரிதென்று கூறுதல் எளிதன்று.

தமிழ்த் திரையில் மறைவேடக் காவலர் குறைந்தவரல்லர். பிரபுதேவா இயக்கத்தில் 2007 இல் வந்த 'போக்கிரி' படத்தின் நாயகன் இறுதியில் காவல் அதிகாரியெனத் தெரியவரும்போது கொட்டகையில் எழுந்த ஆரவாரம் பலர்க்கு நினைவிருக்கும். லோகேஷ் கனகராஜ் இயக்கிய 'கைதி' (2019), 'விக்ரம்' (2022) ஆகியவற்றிலும் இப்பொருள் வருகின்றது. இவற்றை நான் இழித்துரைக்கவில்லை. நன்கு பொழுது போக்குவன. எனினும் 'போக்கிரி' போன்ற படத்தில் வேடம் என்பது இறுதியில் அவிழ்க்க வைத்த முடிச்சு. அவிழ்ந்ததும் இன்பம், செய்த கொலைகளுக்கெல்லாம் கணக்கு நேர். 'குருதிப்புனல்' அந்த முடிச்சைத் தொடக்கத்திலேயே நம் கையில் அவிழ்த்துத் தந்துவிடுகின்றது. யார் ஒற்றன் என்று நமக்குத் தெரியும். ஆகவே நம் அச்சம் அவன் பொருட்டே எழுகின்றது. இரு தரப்பிலும் ஒற்றர் ஊன்றியிருக்கும் கதையமைப்பை ஹொங்கொங் படமாகிய 'இன்ஃபர்னல் அஃபெயர்ஸ்' 2002 இல் உலகறியச் செய்தது. அதன் தழுவலான 'தி டிபார்டட்' சிறந்த படத்துக்கான ஒஸ்கார் விருதும் பெற்றது. தமிழ் இரசிகர் அதற்கு ஏழாண்டு முன்னரே அவ்வமைப்பை அறிந்திருந்தனர். லயத்து வாசலில் தொலைக்காட்சியும் டெக்கும் வாடகைக்குக் கொணர்ந்து விடிய விடியப் படம் பார்த்த அக்காலத்தில், சண்டைக்காக உட்கார்ந்தோர் அந்த விசாரணைக் காட்சிகளில் வாய் பேசாது இருந்தனர்.

குறை இல்லாத படமென்று கூற மாட்டேன். ஆயுதம் ஏந்தியோர் ஏன் ஏந்தினர் என்பதை அது போதிய அளவு ஆராயவில்லை. பத்ரியின் அறிவுக்கூர்மை காட்டப்படும் அளவுக்கு அவன் வழக்கு காட்டப்படவில்லை. காவல் நிலையத்தில் நிகழும் வதையைக் கடமையின் ஒரு பகுதியாகவே கொண்டு கதை கடந்துவிடுகின்றது. நம் நாட்டில் இருந்துகொண்டு பார்ப்போர்க்கு அவ்விடத்தில் நெஞ்சு முட்டும். ஆதியின் மனைவியாக வரும் கௌதமியின் பாத்திரம் மாத்திரம் இத்தகைய படங்களின் வழக்கத்தை மீறி நிற்கின்றது. கணவன் மறைப்பதை அவன் முகத்தில் படித்து, தன் வீட்டையும் மகனையும் தானே காக்க எழுகின்றாள் அவள்.

இறுதிக் காட்சிக்கு வருவோம். எல்லாவற்றையும் இழந்த ஆதி, பத்ரியைக் கொன்றுவிடுகின்றான். ஆனால் சிவா இன்னும் குழுவினுள் இருக்கின்றான். தலைவனைக் கொன்றவனைச் சிவா விட்டுவைத்தால் அவன் யாரென்பது வெளிப்பட்டுவிடும். ஆகவே தன்னைச் சுடுமாறு ஆதியே அவனை வேண்டுகின்றான். தன்னை அனுப்பிய அதிகாரியைத் தன் கையாலேயே சுட்டுக் கொன்று, சிவா தன் வேடத்தைக் காத்துக்கொள்கின்றான். தனுஷ் நடவடிக்கையைத் திட்டமிட்ட நண்பர் இருவரும் இப்போது இல்லை. அவர்களுக்கு மேலிருந்தவரும் இல்லை. சிவா தரும் செய்தியைப் பெற்றுக்கொள்ள, அவன் யாரென்று சாட்சி சொல்ல, பணி முடிந்தது, திரும்பி வா என்று அழைக்க, இனி எவன் இருக்கின்றான்? பகைவர் அவனைச் சூழ்ந்துகொள்கின்றனர். அவர்களுக்கு அவன் தலைவனைக் கொன்றவனைப் பழிவாங்கிய வீரன். பொலிஸாருக்கோ அதிகாரியைக் கொன்ற பயங்கரவாதி.